மேனேஜருக்கு ஒரு நன்றிப் பாட்டு

அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்தில் அப்பலாச்சியன் என்றொரு மலைத்தொடர் இருக்கிறது. நான் போனதில்லை. இனி போகவும் முடியாது, முட்டி விடாது. ஆனால் அந்த மலைக்காரர்களின் பாட்டுகளை, வேலையில் சேர்ந்த காலத்திலிருந்து கேட்டு வருகிறேன். இங்கே மலேசியாவில், அலோர் ஸ்டாரில் ஒரு கடையை மூடும்போது மலிவாக அள்ளிக் கொடுத்த கேசட்டுகளில் ஒன்று, அட்டை கிழிந்து, பாடியவர் பெயர் தெரியாமல் என்னிடம் வந்து சேர்ந்தது. போட்டுப் பார்த்தேன். பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் ஒரு பெண் மூக்கால் பாடினாள். அழகாகப் பாட வேண்டும் என்ற எண்ணமே அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. நிலக்கரிச் சுரங்கத்தில் புருஷன் செத்துப்போனதை, துணி காயப்போட்டுக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "காலங்காத்தால யாரு வீட்டு எழவுங்க இது?" என்றாள். கேசட் போய், சிடி போய், இப்போது மெர்கோங்கில் உள்ள வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் நாற்காலியைப் போட்டுக் கைப்பேசியில் கேட்கிறேன். அவளுடைய கேள்வி மட்டும் மாறவில்லை.

நான் நில அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வேலைக்காலம் முழுவதும் மனுக்களைப் படித்ததில் எனக்கு ஒரு நோய் பிடித்துவிட்டது. எதைப் படித்தாலும் 'சரி, உங்களுக்கு என்னதான் வேண்டும்?' என்று கேட்கத் தோன்றும். நம் ஆட்கள் முதல் பக்கம் முழுக்க வணக்கம் சொல்லி, இரண்டாம் பக்கத்தில் தாத்தா காட்டை அழித்த கதையைச் சொல்லி, கையெழுத்துப் போடும் அவசரத்தில் கோரிக்கையை விட்டுவிடுவார்கள். மலைப் பாட்டுக்காரர்கள் அப்படியில்லை. எந்தச் சுரங்கம், என்ன நடந்தது, யார் செத்தார், முதலாளியின் பெயர் என்ன, இப்போது என்ன வேண்டும், எல்லாம் நாலு அடியில் வந்துவிடும். பான்ஜோ என்ற அந்தத் தோல் போர்த்திய கம்பி வாத்தியம் பின்னால் துள்ளிக்கொண்டிருந்தாலும் விஷயம் நழுவாது. முறையாக மனு எழுதத் தெரிந்தவர்கள் அவர்கள்தான் என்பது என் அபிப்பிராயம்.

அதிலும் கம்பெனிக்கு எதிராகப் பாட்டுக் கட்டிய பெண்களிடம் ஒரு வழிமுறை இருந்தது. புது மெட்டுக்கெல்லாம் அவர்கள் மெனக்கெடவில்லை. தேவாலயத்தில் எல்லாருக்கும் மனப்பாடமான மெட்டு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். சாமி பெயர் வந்த இடத்தில் கம்பெனிக்காரன் பெயரை வைத்தார்கள். அவ்வளவுதான். ஊரே அன்று மாலைக்குள் பாடிவிடும்.

இன்னொன்றும் கேட்டிருக்கிறேன். இந்தக் காலத்துப் பாட்டுக்காரர் ஒருவர் பேட்டியில் சொன்னது. அவர்கள் குடும்பத்துக் கல்லறைகள் மலைமேல் இருக்கின்றன. வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் புல் வெட்டி, பூ வைத்து, பாடி, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவது வழக்கம். சுற்றியுள்ள நிலத்தை எல்லாம் சுரங்கக் கம்பெனி வாங்கிவிட்டதால், இப்போது அனுமதி கேட்டு, பாதுகாப்புத் தொப்பி மாட்டிக்கொண்டு, கம்பெனி ஆள் பின்னாலேயே வரப் போக வேண்டியிருக்கிறதாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "செத்தவங்களப் பார்க்க ஹெல்மெட் போடணுமாம்" என்று மனைவியிடம் சொன்னேன். "வெள்ளக்காரன் ஊர்ல என்னதான் இல்ல" என்றாள் அவள்.

அது என் அக்காவின் புருஷன் இறப்பதற்கு முன்பு.

நாங்கள் பிறந்த தோட்டம் பண்டார் பாரு பக்கம். அப்போது ரப்பர், இப்போது எண்ணெய்க்கான செம்பனை. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்தாகிவிட்டது. அக்கா தோட்டத்துக்கு வெளியே, பெரிய ரோட்டோரத்தில் ஒரு மலிவு வீட்டில் இருக்கிறாள். மாமாவைத் தோட்டத்துக்குள், கிரியான் ஆற்றுப் பக்கத்து இடுகாட்டில்தான் புதைத்தோம். எங்கள் அப்பா அம்மாவும் அங்கேதான். மாமாவின் மண் இறுகுவதற்குள் தோட்டம் கைமாறியது. புதுக் கம்பெனி வழியை மறித்து இரும்புக் கேட் போட்டு, ஒரு ஜாகாவையும் காவலுக்கு வைத்தது. செம்பனைக் குலை திருட்டுப் போகிறதாம்.

அக்கா போன் செய்தாள்.

"தம்பி, ஜாகா உள்ள விட மாட்டேங்கிறான். பாஸ் கேக்குறான்லா. புருஷனப் பாக்கப் போறதுக்கு என்னா பாஸு?"

"எழுதிக் கேட்போம்க்கா."

"என்னாத்தையோ செய்யி. மாமாவுக்கு வருஷப் படையல் வருது. அதுக்குள்ள அந்தக் கேட்டு தொறக்கணும். நீதான் ஆபிஸ் ஆளாச்சே."

ஆபிஸ் ஆள் களத்தில் இறங்கினான். கம்பெனிக்கு ஒரு கடிதம், மாவட்ட நில அலுவலகத்துக்கு ஒன்று, ஒய்.பி. என்று நாங்கள் சொல்லும் தொகுதி உறுப்பினரின் சேவை மையத்துக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் நகல், நகலுக்கு முத்திரை. எனக்குத் தெரியாத நடைமுறை இல்லை. தெரிந்திருப்பதில் உள்ள கஷ்டம், முடிவும் முன்கூட்டியே தெரிந்துவிடுவது. அந்த இடம் இடுகாடு என்று அரசுப் பதிவில் ஏறவே இல்லை. தோட்டத்துரைகள் காலத்தில் வாய்ச்சொல்லாகக் கொடுத்த மூலை அது. காகிதத்தில் பார்த்தால் என் அப்பா அம்மா செம்பனைக்குள் அத்துமீறிக் குடியிருக்கிறார்கள். பதில்கள் வந்தன. 'தங்கள் கடிதம் கவனத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது.' அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நில அலுவலகத்துக்கு நேரில் போனேன். மனுக்கள் வந்து சேரும் இருக்கையில் இப்போது இருக்கும் பெண் என்னைத் தெரியும் என்று சொல்லி, நல்ல காப்பி வரவழைத்துக் கொடுத்து, "கவனத்தில் இருக்கிறது, சார்" என்றாள்.

மாமா இறந்து வருஷம் முடிய ஒரு மாதம்தான் இருந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் காரில் அந்த மூக்குக் குரல் பாடிக்கொண்டிருந்தது. எரிச்சலில் அதை நிறுத்தப்போனவன், நிறுத்தாமல் விட்டேன். எல்லா மனுவும் போட்டாகிவிட்டது. இந்த மனு மட்டும்தான் பாக்கி.

அக்காவின் வட்டாரத்துக் கோயிலில் வெள்ளிக்கிழமை பஜனையில் எல்லாரும் பாடும் மெட்டு ஒன்று உண்டு. குழந்தைகூட அதை முணுமுணுக்கும். அதை எடுத்துக்கொண்டேன். அன்று மாலையே எழுதி முடித்துவிட்டேன். முதல் நாலு அடி இப்படி:

மண்ணுக்குள்ள படுத்தவரு
மரத்துக்கென்ன கேடு செஞ்சார்?
பூட்டுப் போட்ட மேனேஜரே,
பொண்டாட்டி எங்க போய் அழுவா?

அடுத்த நாலு அடியில் மேனேஜரின் முழுப் பெயரை வைத்தேன். வழிமுறை அப்படி. அக்கா ஒருத்தியாக, எந்த வாத்தியமும் இல்லாமல், பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்று இதைப் பாட வேண்டும். அதை வீடியோ எடுத்துப் போட வேண்டும். அக்காவுக்கு அந்த மலைக்காரியின் குரல்தான். தொண்டையில் சர்க்கரை கிடையாது. போனில் ஒருமுறை பாடிக் காட்டினாள். அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள், கேள்வி கேட்கவில்லை.

என்னுடைய தவறு, கோயில் தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம் என்று நினைத்தது. அங்கே புதைந்திருப்பது எங்கள் குடும்பம் மட்டும் இல்லையே. தலைவர் லோரி குத்தகைக்காரர். கம்பெனிக் குலைகளை ஏற்றுவதும் அவர் லோரிகள்தான். ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபத்தில் கூட்டம் போட்டுவிட்டார்.

பாட்டைக் கேட்டு முடித்ததும் தலைவர் தொண்டையைச் செருமினார். "நல்லாருக்குண்ணே. ஆனா கோயில் பேருல போறது. மொதல்ல பிள்ளையாருக்கு ரெண்டு வரி போட்டுருவோம்."

போட்டேன்.

"பொண்டாட்டின்னு வேணாம்ணே. துணைவின்னு வைங்க. அழுவான்னு வர்றது மண்டபத்துல பாட ஆகாது."

"இது மண்டபத்துல பாடுறதுக்கு இல்ல தலைவரே. கேட்டு முன்னால பாடுறது."

"கேட்டு முன்னால பாடினா போலிஸ் பெர்மிட் கேப்பான். ஒங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன்.

தலைவரின் மகள் கூலிம் பக்கத்துத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருப்பவள். வீடியோ எடுக்கும் பொறுப்பு அவளுடையது. "அங்கிள், ரொம்ப சோகமா இருந்தா யாரும் பாக்க மாட்டாங்கலா. கீபோர்டு வச்சா ஓகே ஆயிடும்" என்றாள். கீபோர்டு வந்தது. அதோடு எக்கோ வைக்கும் ஒலிபெருக்கியும் வந்தது. ஒய்.பி.க்கு இரண்டு வரி வந்தது.

கடைசியில் தலைவர் மேனேஜர் விஷயத்துக்கு வந்தார். பெயர் இருக்கட்டும் என்றார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"பேரு இருக்கட்டும்ணே. ஆனா ஏன் திட்டணும்? நன்றி சொல்லிருவோம்."

"எதுக்கு நன்றி?"

"வழிய தொறந்து விட்டதுக்கு."

"அவன் இன்னும் தொறக்கவே இல்லையே."

"முன்னாடியே சொல்லிட்டா அப்புறம் தொறக்காம எப்படி இருப்பாரு?"

மண்டபமே தலையாட்டியது. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் ஒரு தூணோரம் உட்கார்ந்து கொண்டைக்கடலைக்குத் தேங்காய் கீறிக்கொண்டிருந்தாள். "எனக்குக் கேட்டு தொறந்தா போதும் தம்பி" என்றாள், நிமிராமலே.

இறுதி வடிவம் பின்வருமாறு அமைந்தது: பிள்ளையார், ஒய்.பி., பிறகு 'வழியைத் தந்த மேனேஜரே, வாழ்க வாழ்க உங்கள் மனம்', அதன்பின் அவருடைய முழுப் பெயர் மூன்று முறை. இடுகாடு என்ற சொல் எங்கும் இல்லை. நான் எழுதியதில் மிஞ்சியது அந்தப் பெயர் ஒன்றுதான். அக்கா கோரஸில், இரண்டாம் வரிசையில், ஒரே நிறப் புடவைகளுக்கு நடுவில் நின்றாள். எக்கோவில் அவள் குரல் தனியாகக் கேட்கவே இல்லை. சுரங்கக் கம்பெனிகள் மலைக்காரிகளை ஒடுக்க அடியாட்களை அனுப்பின என்று படித்திருக்கிறேன். ஒரு கோயில் நிர்வாகத்தை அனுப்பியிருந்தால் செலவு குறைந்திருக்கும்.

வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. மெர்கோங்கில் எனக்கே மூன்று பேர் அனுப்பினார்கள், கைகூப்பும் படத்தோடு. மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. தன் பெயர் கேட்டிருக்கிறது, பெண்கள் சிரித்த முகமாகப் பாடுவது தெரிந்திருக்கிறது. எதற்கோ நன்றி சொல்கிறார்கள் என்று யாரோ விளக்கியிருக்கிறார்கள். அவர் அதைத் தலைமையகத்துக்கு அனுப்பிவைக்க, தலைமையகம் பாராட்டிவிட்டது. பாராட்டு வந்த பிறகு அதற்கான காரியத்தைச் செய்துதானே ஆக வேண்டும்? அக்கா சொன்ன அதே தேதியில் கேட் திறக்கும் என்று கம்பெனியிலிருந்தே தலைவருக்குத் தகவல் வந்தது.

என் கடிதங்கள் இன்னும் கவனத்தில்தான் இருக்கின்றன.

அன்று காலை அக்காவையும் படையல் சாமான்களையும் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். கேட்டில் ஒரு வரவேற்புப் பதாகை தொங்கியது. ஜாகா எங்களை நிறுத்தி, ஆளுக்கொரு மஞ்சள் மேலங்கியும் ஹெல்மெட்டும் கொடுத்தான். செம்பனைக் குலை தலையில் விழுந்தால் கம்பெனி பொறுப்பில்லையாம். நான் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"என்னா பாத்துக்கிட்டு நிக்கிற? மாட்டு" என்றாள் அக்கா. வெள்ளைப் புடவைமேல் மஞ்சள் அங்கியை மாட்டி, தலையில் தொப்பியோடு, மீன்குழம்புத் தூக்கை இறுகப் பிடித்திருந்தாள். "மாமா பாத்தாருன்னா சிரிச்சே செத்துருப்பாரு."

புதரை வெட்டியிருந்தார்கள், படம் எடுப்பதற்கு வசதியாக. மேனேஜர் வந்திருந்தார். அக்கா இலை போட்டு, சோறும் மீன்குழம்பும் மாமாவுக்குப் பிடித்த ஸ்டவுட் பீர் பாட்டிலும் வைத்துச் சூடம் காட்டினாள். மேனேஜர் அவள் பக்கத்தில் நின்று பெருவிரலை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டு, வேறு வேலை இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார். கம்பெனி ஆள் ஒருவன் மட்டும் சற்றுத் தள்ளி நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"அக்கா, இப்ப யாரும் இல்ல. நான் எழுதினத இங்க ஒருக்காப் பாடேன்" என்றேன்.

அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "இவருக்கு எதுக்கு தம்பி? கேட்டு பூட்டிக் கெடந்தது இவருக்குத் தெரியாதா? தெரியாதவங்ககிட்ட பாடத்தான அத எழுதின."

அப்பா அம்மா பக்கம் புல்லைக் கிள்ளிப்போட்டு, ஆளுக்கொரு பூ வைத்தோம். அதற்குள் கம்பெனி ஆள் வந்து, போதும் என்பதுபோல நின்றான். வெளியே வந்ததும் அங்கிகளை எண்ணி வாங்கிக்கொண்டு ஜாகா கேட்டைப் பூட்டினான். அடுத்து எப்போது திறக்கும் என்று கேட்டேன். அதெல்லாம் தனக்குத் தெரியாது, இந்த மேனேஜருக்கு மாற்றல் வந்துவிட்டது, புது ஆளைத்தான் கேட்க வேண்டும் என்றான்.

கார் பெரிய ரோட்டுக்கு வந்ததும் அக்கா சொன்னாள்.

"தம்பி, தீபாவளிக்கு முந்தின நாளு இவருக்குப் படைக்கணும். உள்ள வரணும்."

"பார்ப்போம்க்கா."

"என்னா பாக்குறது? அந்தப் பாட்டையே திருப்பிப் பாடிருவோம். மெட்டு அதே இருக்கட்டும். பேர மட்டும் மாத்திக் குடு."

அன்று வீட்டுக்கு வந்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். மலைக்காரியைப் போட மனம் வரவில்லை. பிள்ளையாருக்கு இரண்டு வரி, ஒய்.பி.க்கு இரண்டு வரி, பிறகு வாழ்க வாழ்க என்று சுத்தமாகப் பிரதி எடுத்தேன். புது மேனேஜர் யார் என்று இன்னும் தெரியவில்லை. பெயர் வரும் மூன்று இடங்களிலும் புள்ளிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன்.