கடைசி ஞாயிறுக்கு ஐந்து ஆள்

ரீசார்ஜ் கடை பெஞ்சில் அன்று இருந்தவர்கள்: கடைக்காரர், கணக்கு எழுதுவது அவர்தான். துபாயிலிருந்து திரும்பி வந்தவர், இந்த விளையாட்டைக் கொண்டுவந்தது அவர். ஐஸ் வண்டி ஓட்டுகிறவர். கோயிலில் ஜெபம் நடத்துகிற உபதேசியார். என் மச்சினன், வீட்டுக்காரியின் தம்பி. பிறகு நான்.

ஆறு பேர். பெஞ்சு அவ்வளவுதான் தாங்கும்.

ஜூன் பாதியில் மீன்பிடித் தடை வந்தால் எல்லா போட்டும் கரையில். ஆண்கள் எல்லாரும் ஊரில். அப்போது கோயில் மைதானத்தில் ஞாயிறுதோறும் பந்தாட்டம் நடக்கும். ஏழு டீம், ஏழு ஞாயிறு. ஒரு ஞாயிறில் மூன்று ஆட்டம், ஆறு டீம். மிச்சம் இருக்கிற டீமுக்கு அன்று ஓய்வு.

நாங்கள் ஆடுவதில்லை. ஏழு டீமையும் பார்த்து ஆளுக்கு ஐந்து ஆட்டக்காரரை எடுத்துக்கொள்வோம். ஒரு டீமில் இரண்டு பேருக்கு மேல் கூடாது. நம் ஆள் மைதானத்தில் இறங்கினால் ஒரு பாயிண்ட். கோல் அடித்தால் மூன்று. கீப்பர் கோல் விடாவிட்டால் இரண்டு. அவன் டீமுக்கு ஓய்வென்றால் ஒன்றுமில்லை. முழு சீசனுக்கும் ஒரே ஒரு ஆளை மாற்றலாம். துபாயில் கம்ப்யூட்டரில் வெளிநாட்டு டீமை வைத்து இப்படி விளையாடுவார்களாம். இங்கே எங்களுக்கு எங்கள் ஊர் டீம்.

கடைசியில் வருகிறவன் அடுத்த வருஷம் பெஞ்சில் இல்லை. அது துபாய்க்காரர் வைத்த சட்டம். முந்தின வருஷம் கடைசியில் வந்தவர் ஒரு வாட்ச்மேன். அவர் இடத்தில்தான் உபதேசியார் வந்தார். வாட்ச்மேன் இப்போது அந்த வழியே வருவதில்லை.

இந்த சீசனுக்கு இரண்டு வருஷம் முன்னால் போட்டில் வலை இழுக்கிற வின்ச்சுக்குள் என் வலது கை போனது. விரல் நாலும் போயிற்று. கடலுக்கு ஆகாது என்றார்கள். வீட்டுக்காரி புதுக்கடை சந்தையில் மீன் விற்கிறாள். போட்டுக்காரர்கள் கூடுகிற இடத்தில் போய் நின்றால் எப்போதும் அடுத்த பயணப் பேச்சு. எனக்கு அங்கே பேச ஒன்றுமில்லை. பெஞ்சில் உண்டு. "நீ என்ன செல்லுத?" என்று கேட்பார்கள். என்னிடம் அதைக் கேட்கிற இடம் ஊரில் அது ஒன்றுதான். அதுவும் போனால் எனக்கு வீட்டுச் சுவர்.

அதனால் யோசித்து எடுத்தேன். மற்றவர்கள் கோல் அடிக்கிற ஆளைப் பார்த்தார்கள். நான் எந்த டீமுக்கு எப்போது ஓய்வு என்று பார்த்தேன். முதல் மூன்று ஞாயிறில் ஓய்வு வருகிற மூன்று டீமிலிருந்து என் ஐந்து பேர். அடியை முதலில் வாங்கிவிடுவது. பிறகு கடைசிவரை முழு ஆள்.

கீப்பர் ஒருவர், ஊரில் ஆட்டோ ஓட்டுகிறவர். மற்ற நாலு பேரும் நான் முன்பு போன போட்டில் வேலை செய்கிறவர்கள். யாருக்கு மூச்சு தாங்கும், யாருக்குக் கால் தாங்கும், எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

முதல் ஞாயிறு என் ஆள் மூன்று பேர் மட்டும் இறங்கினார்கள். மச்சினன் தொடங்கினான்.

"அத்தான், ஒங்க ஆளுவளுக்கு எப்பவும் லீவா? டீமா வச்சிருக்கிய, ரேஷன் கடையா?"

"சும்மா இருக்கவனத் தேடித் தேடி எடுத்திருக்கான் மக்கா," என்றார் ஐஸ் வண்டிக்காரர்.

நாலாவது ஞாயிறு ஐந்து பேரும் இறங்கினார்கள். மச்சினனும் வாயை மூடினான்.

ஐந்தாவது ஞாயிறுக்கு முந்தின நாள் ஊரில் ஒரு சாவு. பெரியவர். சாவு வீட்டில் உடல் இருக்கும்போது எங்கள் ஊரில் பந்து உருளாது. யாரும் கேட்கவும் மாட்டார்கள். ஆட்டம் எல்லாம் ஒரு வாரம் தள்ளிப் போனது.

கல்லறையில் நானும் ஒரு பிடி மண் போட்டேன். போடும்போதுதான் உறைத்தது. கடைசி ஞாயிறு இனி தடை முடிந்த பிறகு. தடை முடிந்தால் போட்டு போய்விடும். மூன்று டீம், மூன்று ஓய்வு என்று பார்த்தவன், நாலு பேருக்கும் போட்டு ஒன்று என்று பார்க்கவில்லை.

கடைசி ஞாயிறுக்கு முன்னால் பெஞ்சில் மற்ற நாலு பேரும் எட்டாத தூரத்தில். ஐஸ் வண்டிக்காரர் நாற்பத்தேழு. நான் நாற்பத்தாறு. அவர் ஆட்களில் இரண்டு பேருக்கு அன்று ஓய்வு. மூன்று பேர் இருப்பார்கள். அவர்கள் ஐஸ் கம்பெனியில் பாரம் தூக்குகிறவர்கள். கடலுக்குப் போகாதவர்கள்.

துபாய்க்காரரிடம் கேட்டேன், இன்னும் ஒரு ஆளை மாற்ற விடும் என்று.

"வாட்ச்மேனுக்கு விட்டோமா?" என்றார்.

விடவில்லை. ஆகவே துறைமுகத்துக்குப் போனேன். இரண்டு வருஷமாக அந்தப் போட்டின் பக்கம் நான் போனதில்லை. ஐஸ் இறக்கிக்கொண்டிருந்தார்கள். போட்டு ஓட்டுகிறவர் மேலே நின்றார்.

"அண்ணே, எப்ப போறிய?"

"நாளைக்குக் காலைல."

"ஞாயித்துக்கெழம ஆட்டம் கழிஞ்சு போகப்பிடாதா? நாலு பேரு இதுல இருக்கானுவ."

அவர் கீழே இறங்கி வந்தார். "ஆட்டத்துக்கா செல்லுத?"

"ரெண்டு நாளுதானே அண்ணே."

"ஐஸ் போட்டாச்சு மக்கா. ஒனக்கு நாலு ஆளு. எனக்குப் பதினோரு வீடு. ஒண்ணர மாசமா எல்லாவனும் கையக் கெட்டிக்கிட்டு இருக்கான்."

அவர் சொன்னதில் தப்பில்லை. நாலு பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"எங்கள வச்சா வெளையாடுதிய?" என்றான் ஒருவன். "மொதல்லயே செல்லப்பிடாதா? இன்னும் ரெண்டு கோல் அடிச்சிருப்பமே."

"அண்ணே, கடல்ல வச்சு அடிச்சா பாயிண்ட் உண்டா?" என்றான் இன்னொருவன்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஓட்டுகிறவர் மட்டும் என் கையைப் பார்த்தார்.

"வலி உண்டா?"

"இல்ல."

வந்துவிட்டேன். என்னிடம் இருந்த ஒரு மாற்றத்தை அன்றே சொன்னேன். நாலு பேரில் ஒருவனை விட்டு, புதுக்கடையில் பேக்கரியில் நிற்கிற ஒருவனை எடுத்தேன். அவனை எனக்குத் தெரியாது. கடலுக்குப் போகாதவன் என்று மட்டும் தெரியும்.

ஞாயிறு நல்ல மழை. முதல் ஆட்டத்தில் பேக்கரிக்காரன் கோல் அடித்தான். நான் ஐம்பது. ஐஸ் வண்டிக்காரரின் ஆட்கள் இரண்டு பேர் இறங்கினார்கள், கோல் இல்லை. மூன்றாவது ஆட்டத்தில் என் கீப்பர் ஒரு பக்கம். ஐஸ் வண்டிக்காரரின் மூன்றாவது ஆள் மறுபக்கம். அந்த ஆள் இறங்கியபோது அவர் ஐம்பது, கீப்பர் இறங்கியபோது நான் ஐம்பத்தொன்று. கோல் விழாவிட்டால் எனக்கு இன்னும் இரண்டு.

இருவரும் அடுத்தடுத்து இருந்தோம். அவர் பீடியைப் பற்றவைக்கவில்லை. என் கீப்பர் நல்ல இரண்டு பந்தைத் தட்டிவிட்டார். நான் ஜெபம் சொல்கிறவன் இல்லை. அன்று சொன்னேன்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். ஐஸ் வண்டிக்காரரின் ஆள், குட்டையானவன், தூரத்திலிருந்து அடித்தான். கீப்பர் சரியாகத்தான் பாய்ந்தார். பந்து அவரிடம் வராமல் முன்னால் தேங்கின தண்ணீரில் நின்றது. குட்டையன் ஓடிவந்து அதைத் தள்ளினான். அது மெதுவாக உள்ளே போனது.

ஐஸ் வண்டிக்காரர் எழுந்திருக்கவில்லை. "மக்கா," என்றார்.

"சவத்த வுடும்," என்றேன்.

கடைக்காரர் கணக்கை வாசித்தார். துபாய்க்காரர் எழுபத்தொன்று. மச்சினன் அறுபத்தெட்டு. உபதேசியார் அறுபத்தைந்து. கடைக்காரருக்கு அறுபது. ஐஸ் வண்டிக்காரர் ஐம்பத்து மூன்று. என்னுடையதை என்னைப் பார்க்காமல் வாசித்தார்.

ஐம்பத்தொன்று.