விருந்தாளி என்று நான் பெயர் வைத்த விங்கர்

கடந்த கோடையில், கனடாவின் மொன்றியலில், எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயில்காரர் நடத்தும் உதைபந்தாட்டப் போட்டியில் நடந்தது இது. சென்ட் லோரன்டில் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருக்கும் ஒரு புல்தரை. ஊரில் ஆட்டம் நடந்தால் ஒலிபெருக்கியில் நேர்முக வர்ணனை இருக்குமே, அந்தப் பழக்கத்தை எங்கள் ஆட்கள் இங்கு வந்தும் விடவில்லை. ஒரு கூடாரம், இரண்டு ஸ்பீக்கர், ஒரு மைக். ஆட்டத்தைவிட வர்ணனையைக் கேட்கவே பாதிப் பேர் வருகிறார்கள் என்று சொன்னால் பிழையில்லை. யாருக்குப் புதுப் பட்டப்பெயர் விழுகிறது, யாருடைய தொப்பையைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்பதுதான் அவர்களுக்கு முக்கியம்.

அந்த முறை மைக் என் கைக்கு வந்தது. வழக்கமாகப் பேசும் அங்கிளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. "இவள் ஐரோப்பாவிலை எவன் எந்தக் கிளப்புக்குப் போறான் எண்டு நித்திரையிலையும் சொல்லுவாள், இவளிட்டைக் குடுங்கோ" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். உண்மைதான். டவுன்டவுனில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன் என்றுதான் பெயர். வகுப்பில் மடிக்கணினியின் ஒரு மூலையில் எப்போதும் ஏதாவதொரு ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் ஒரு பெண் அந்த மைக்கைப் பிடிப்பது அன்றுதான் முதல் தடவை. சும்மா பேசிவிட்டு இறங்கக் கூடாது, கலக்க வேண்டும் என்று எனக்குள் ஒரே பரபரப்பு.

எங்கள் பங்கு அணியில் அன்று ஒரு புது ஆள். கானா நாட்டவர், முப்பது வயது தாண்டியவர், ஐரோப்பாவில் தொழில்முறையாக விளையாடியவர். இடது ஓரத்தில் ஓடும் விங்கர். போட்டி விதிப்படி தமிழரோ தமிழரைக் கட்டினவரோதான் ஆடலாம். அணித் தலைவராக இருந்த அண்ணை, "இவர் எங்கடை மருமகன்தான், கெதியிலை நிச்சயம் நடக்கும்" என்று நடுவர்களிடம் வாதாடி அவரை உள்ளே இறக்கியிருந்தார். யார் வீட்டு மருமகன் என்று நான் கேட்கவில்லை. கேட்க எங்கே நேரம்? அவர் பெயரைத் தொலைபேசியில் தட்டி, அவருடைய விளையாட்டு வாழ்க்கை முழுவதையும் ஒரு பக்கத்தில் பார்த்துவிட்டேன். பெல்ஜியம், டென்மார்க், ஸ்லோவாக்கியா, சைப்ரஸ். எந்த இடத்திலும் அதிக காலம் இல்லை. கோல் என்ற நிரலில் பெரும்பாலும் வெறுமை.

எனக்குப் பட்டப்பெயர் கிடைத்துவிட்டது.

"இந்தா பந்து விருந்தாளியிட்டைப் போகுது! பெல்ஜியத்திலை ஒரு வருசம், டென்மார்க்கிலை அரை வருசம், சைப்ரஸிலை ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்! ஒரு வீட்டிலையும் வடிவாச் சாப்பிட்டு எழும்பாத மனுசன். இஞ்சையாவது கை நனைப்பாரோ?"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. அந்தச் சத்தம் இருக்கிறதே, அது ஒரு போதை. ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்த அன்ரிமார்கூடக் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அதன்பிறகு பந்து அவர் காலுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் ஒரு நாட்டை எடுத்து விட்டேன். சின்னப் பிள்ளைகள் எல்லைக்கோட்டோரம் ஓடி ஓடி "விருந்தாளி! விருந்தாளி!" என்று கத்தத் தொடங்கினார்கள். இரண்டாம் பாதியில், கோல் காப்பாளர் மட்டும் முன்னால் நிற்க, அவர் பந்தை வெளியே அடித்தார். "பாஸ்போர்ட்டிலை முத்திரை குத்தி அனுப்பிப்போட்டாங்கள்!" என்றேன். சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. அவர் கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்திக் காட்டினார். தன்னை உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைக்கிறார் போல என்று எண்ணி, அதற்கும் நான் சிரித்தேன்.

எங்கள் அணி தோற்றது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவர் நேராகக் கூடாரத்துக்கு வந்தார். ஆங்கிலத்தில், மிகவும் பணிவாக, "நான் விளையாடிய நாடுகளின் பெயர்கள் நிறையத் தடவை கேட்டன. என்னைப் பற்றி என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டார்.

மைக்கை அணைத்து மேசையில் வைத்தேன். பிறகு, "நீங்கள் நல்ல வேகம், ஐரோப்பாவில் விளையாடிய பெரிய வீரர் என்று சொன்னேன்" என்றேன்.

என் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். "நல்லது, மெர்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் அணித் தலைவர் அண்ணை வந்தார். சிரிப்பே இல்லை.

"தங்கச்சி, உமக்கு விசரே? இவரைக் கட்டப்போற அந்தப் பிள்ளையின்ரை தேப்பன் இண்டைக்குத்தான் முதல்முதலா ஆளைப் பாக்க வந்தவர். ரெண்டு வருசமா மகளோடை இந்த விசயமா ஒரு வசனம் கதைக்காத மனுசன். நாங்கள் எவ்வளவு கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வந்தனாங்கள் தெரியுமோ?"

"அங்கிள் எங்கை இப்ப?"

"இப்ப எங்கை! பாதியிலை எழும்பிப் போயிட்டார்."

அந்தப் பிள்ளை யார் என்று கேட்டேன், எனக்கு நன்றாகத் தெரிந்த அக்கா. கோட்-டெ-நெய்ஜ் பக்கம் ஒரு மருத்துவமனையில் தாதியாக இருக்கிறா. எனக்குச் சின்ன வயதில், முதல் நன்மை என்னும் நற்கருணைச் சடங்குக்கு, மறைக்கல்வி சொல்லித் தந்தவ. அந்த நாளை நம்பித்தான் நிச்சயத்துக்கே மண்டபம் பார்த்து வைத்திருந்தாவாம். கூட்டத்தில் எங்கே இருந்தா என்றுகூட நான் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அதே பக்கத்தைத் திரும்பத் திறந்தேன். எனக்குப் புரியாதது அதில் ஒன்றும் இருக்கவில்லை, அதுதான் கொடுமை. பதினெட்டு வயதில் ஆபிரிக்காவிலிருந்து வரும் பெடியன்களைக் கழகங்கள் வாங்கி, தங்கள் அணியில் இடம் கொடுக்காமல், லோன் என்று இரவலாக நாடு நாடாக அனுப்புவது எனக்குத் தெரியும். பயிற்சியாளர் மாறினால் விங்கரைத்தான் முதலில் வெட்டுவார்கள் என்று நானே நண்பர்களுக்கு விளக்கம் சொல்லியிருக்கிறேன். அந்த அரை வருடங்களுக்குப் பின்னால் ஒரு ஆள் பெட்டியைக் கட்டியிருப்பான் என்று எல்லாரையும்விட அதிகம் அறிந்தவள் நான்தான். அறிந்துகொண்டுதான் சிரிக்க வைத்தேன்.

ஒரு கிழமை தவித்துவிட்டு, ஞாயிறு பூசை முடிய அக்காவின் அப்பா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர், "நீர்தானே பிள்ளை மைக்கிலை கதைச்சது?" என்றார்.

"ஓம் அங்கிள். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அவர் உண்மையாவே நல்ல விளையாட்டுக்காரர். அந்த லெவலுக்குப் போறதே லேசில்லை. நான் சும்மா சனத்தைச் சிரிக்கப் பண்ண..."

"நீர் சொன்னது பொய்யோ?"

"பொய்யில்லை. ஆனா..."

"பிறகென்ன." உள்ளே வரச் சொல்லி, கதிரையைக் காட்டினார். தானும் இருந்தார். பிறகு சொன்னார்: "நான் கோவிச்சுக்கொண்டு எழும்பிப் போனனான் எண்டு எல்லாரும் நினைக்கினம். அப்பிடியில்லைப் பிள்ளை. நீர் அந்தத் தேத்தண்ணிக் கதை சொல்லேக்கை நானும் சிரிச்சனான். வாய்விட்டுச் சிரிச்சிட்டுத் திரும்பினால், மகள் பாத்துக்கொண்டு நிக்கிறாள். அதுக்குப் பிறகு நான் எப்பிடி அதிலை இருக்கிறது?"

"பிறகு?" என்றேன்.

"திங்கட்கிழமை வேலை முடிய அவரிட்டைப் போனனான்" என்றார். "எனக்கு இங்கிலீசு வராது. பக்டரிப் பிரெஞ்சுதான். அவருக்கும் பெல்ஜியத்திலை பழகின பிரெஞ்சு கொஞ்சம் இருக்கு. நானும் சிரிச்சனான், பிழைதான் எண்டு சொல்லிப்போட்டன். ஒரு கோப்பி போட்டுத் தந்தார். என்ன கோப்பியப்பா அது, கசாயம்!" என்று முகத்தைச் சுளித்தார். பிறகு என்னை நேராகப் பார்த்தார். "நீர் போனீரோ?"

"இன்னும் இல்லை அங்கிள்."

"அப்ப முதல் ஏன் இஞ்சை வந்தனீர்?"

பதில் எனக்குத் தெரியும். அங்கிளுக்கு முன்னால் இருந்து தமிழில் மன்னிப்புக் கேட்பது எனக்குச் சுகமாக இருந்தது. மற்றவரிடம் போனால், சொன்னது என்ன என்று முதலில் சொல்ல வேண்டும்.

அடுத்த நாள் பின்னேரம் அந்த விங்கரிடம் போனேன். தன் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் அவர் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். ஓரமாக அழைத்து, நான் மைக்கில் சொன்னதை எல்லாம் ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொன்னேன். விருந்தாளி, தேநீர், பாஸ்போர்ட் முத்திரை. கூட்டத்துக்கு முன்னால் அவ்வளவு எடுபட்டவை, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும்போது ஒன்றுகூடச் சிரிப்பாக இல்லை. கடைசியில், "நீங்கள் கேட்டபோது நான் பொய் சொன்னேன்" என்றேன்.

"தெரியும்" என்றார். "இடைவேளையிலேயே, என்னைக் கட்டப்போகிறவள் அதுவரை நீங்கள் சொன்னதை எல்லாம் எனக்குச் சொல்லிவிட்டாள்."

"தெரிந்துகொண்டா என்னிடம் கேட்டீர்கள்?"

"ஓம். நான் விளையாடிய நாடு ஒன்றிலும் போன புதிதில் எனக்கு மொழி தெரியாது. உடைமாற்றும் அறையில் என் பெயரைச் சொல்லிச் சிரிப்பார்கள். என்ன என்று கேட்டால், ஒன்றுமில்லை, உன்னைப் புகழ்ந்தோம் என்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். உங்களுக்கு உதைபந்தாட்டம் என்றால் உயிர் என்று அவள் சொல்லியிருந்தாள். நீங்களாவது சொல்வீர்கள், இருவருமாகச் சிரித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ இலகுவாக இருந்திருக்கும்.

"ஆனால் சைப்ரஸ் தேநீரைவிடக் கொஞ்சம் நீளம்" என்று முழங்காலைத் தட்டிக் காட்டினார். "இரண்டாம் நாள் பயிற்சியிலேயே இது கிழிந்தது. ஆறு மாதம் கட்டிலில் கிடந்தேன். அங்கே நிறையத் தேநீர்தான் குடித்தேன்." அவர் மட்டும் சிரித்தார். பிள்ளைகள் கூப்பிட, விசிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பனிக்காலம் தொடங்க முன்னரே நிச்சயம் நடந்தது. அங்கிள்தான் முன்னுக்கு நின்று எல்லாம் செய்தார். என்னையும் அழைத்திருந்தார்கள், போனேன், பின்வரிசையில் இருந்தேன். எல்லாம் நல்லபடியாக முடிந்ததே, இன்னும் என்ன என்று தோழிகள் கேட்கிறார்கள். அது என்னால் முடிந்ததல்ல. அங்கிள் தன் உடைந்த பிரெஞ்சில் போய்ச் சொன்னதால் முடிந்தது. தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றும் தண்ணீர்பட்ட பாடாகப் பேசும் எனக்கு, ஒரு மனிதர் என் முன்னால் வந்து நின்று "என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டபோது மூன்றிலும் ஒரு உண்மையான வசனம் வரவில்லை என்பதை நினைத்தால், இப்போதும் எனக்கு முகம் சுடுகிறது.