நேர்த்தியாகப் பின்னிய சடை

பன்னிரண்டு வருடமாக மூன்று டாக்டர்களாலும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியாலும் தீர்க்க முடியாத முடக்குவாதத்தை, உதவித்தொகை அலுவலகத்தின் மதிப்பீட்டாளர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை இருபத்திரண்டே நிமிடத்தில் தீர்த்துவைத்தார். ஊசி இல்லை, மாத்திரை இல்லை, கையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரில் தட்டியே குணமாக்கிவிட்டார். குணமானவளுக்கு மட்டும் அந்த நல்ல செய்தி தெரியாது. கடிதம் வந்து தெரிந்துகொள்ள ஐந்து வாரம் ஆயிற்று.

அவளைத் தையல் கடையில் எல்லோரும் காஜா அக்கா என்பார்கள். இருபத்து மூன்று வருடம் கோட்டுகளின் பொத்தான் துளைகளுக்குக் கையாலேயே காஜா போட்டவள். மிஷின் போட்ட காஜாவையும் அவள் போட்டதையும் பக்கத்தில் வைத்தால் மிஷின்தான் வெட்கப்பட வேண்டும். அந்த விரல்கள் ஒரு குளிர்காலத்தில் காலையில் மடங்கிக்கொண்டு, மதியம்வரை நிமிர மாட்டேன் என்றன. அப்புறம் ஊசி நழுவியது. அப்புறம் கத்தரிக்கோல். நாற்பது வயதில் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தாள். அதாகி ஏழு வருடம்.

அன்றுமுதல் அவளுடைய விரல்கள் அவள் புருஷனிடம் இருந்தன. அவர் வெல்டர். இரும்புக் கதவும் மாடிப்படிக் கைப்பிடியும் செய்கிற பட்டறையில் வேலை. காலையில் பல் பொடிப் பாட்டிலைத் திறப்பதிலிருந்து அவள் சட்டைக்குப் பொத்தான் போடுவதுவரை அவர்தான். தலை பின்னுவதும் அவர்தான். முதல் ஒரு மாதம் இரும்புக் கம்பியை முறுக்குகிற மாதிரி முறுக்கி அவள் கண்ணில் தண்ணீர் வரவழைத்தார். பிறகு கை படிந்துவிட்டது. பின்னி முடித்ததும் ஒரு அடி தள்ளி நின்று, பற்றவைத்த இணைப்பைப் பார்ப்பது போல ஒரு கண்ணைச் சுருக்கி மேலிருந்து கீழே பார்ப்பார். கோணல் தெரிந்தால் அவிழ்த்து மறுபடி.

இயலாமை உதவித்தொகைக்கு விண்ணப்பித்ததும் மதிப்பீட்டுக்குக் கூப்பிட்ட அலுவலகம் இரண்டாவது மாடியில் இருந்தது. உடல் இயலாதவர்களைச் சோதிக்கிற அலுவலகத்தை இரண்டாவது மாடியில் வைத்தவர் நிச்சயம் பெரிய யோசனைக்காரர்தான். லிஃப்டில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. வெல்டர் அவள் இடுப்பில் கைகொடுத்து, மூன்று இடத்தில் நிறுத்தி, ஏறக்குறையத் தூக்கிக்கொண்டே ஏற்றினார்.

உள்ளே மதிப்பீட்டாளர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சமைப்பீர்களா என்று கேட்டார். நல்ல நாளில் இவர் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிவைத்தால் கிளறிவிடுவேன் என்றாள். தட்டிக்கொண்டார். பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டார். சொன்னாள். தட்டிக்கொண்டார். வெல்டர் நடுவில் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, மனுதாரரே பதில் சொல்லட்டும் என்று அடக்கினார். பேப்பர் கப்பில் தண்ணீர் வந்தது. அவள் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கி எடுத்துக் குடித்தாள். கிளம்பும்போது சிரித்தாள். வாடிக்கையாளரைப் பார்த்து இருபத்து மூன்று வருடம் சிரித்த வாய் அது, சட்டென்று மறந்துவிடுமா.

ஐந்து வாரம் கழித்து வந்த அறிக்கையைச் சமையலறையில் நின்றபடி வெல்டர் வாசித்தார்.

'மனுதாரர் இரண்டாம் மாடிக்குப் படியேறி வந்தார். சமையல் செய்கிறார். கோப்பையை எடுத்து நீர் அருந்தினார். மலர்ந்த முகத்துடன் இருந்தார். வலிக்கான அறிகுறி இல்லை. நேர்த்தியாகப் பின்னிய சடையுடனும் பொத்தான்கள் முறையாக இடப்பட்ட சட்டையுடனும் வந்திருந்தார். எனவே விரல்களின் நுண்செயல் திறன் இயல்பாக உள்ளது.'

சடையைப் பற்றிய வரியை அவர் இரண்டாவது தடவை கொஞ்சம் சத்தமாகவே வாசித்தார்.

"நேர்த்தியான்னு போட்டிருக்காங்க" என்றார்.

"ரொம்ப சந்தோஷம். உங்களுக்கே உதவித்தொகை கேட்டு எழுதிப் போடுங்க" என்றாள் அவள்.

ஏழு வருடத்தில் அவருடைய பின்னலை யாரும் பாராட்டியதில்லை. முதல் பாராட்டு அரசாங்கத்திடமிருந்து வந்தது, அதுவும் எழுத்தில். அடுத்த பக்கம் திருப்பியவர் நெற்றியைச் சுருக்கினார்.

"மனுதாரர் தினமும் காலையும் மாலையும் தன் நாயை நடக்க அழைத்துச் செல்கிறார்."

அவர்கள் வீட்டில் நாய் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. வேறு எவருடைய அறிக்கையிலிருந்தோ கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவந்த நாய் அது. இயலாமைக்கான மதிப்பெண் பூஜ்யம், உதவித்தொகை கிடையாது என்று கடைசியில் இருந்தது. வெல்டர் காகிதத்தை மடித்தார். அவள் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

மறுபரிசீலனை கேட்டு எழுதினார்கள். ஒன்பது வாரம் கழித்துப் பதில் வந்தது. எல்லாவற்றையும் மீண்டும் கவனமாகப் பார்த்தோம், முடிவில் மாற்றமில்லை என்று. கவனமாகப் பார்த்ததற்குச் சாட்சியாக இதிலும் நாய் இருந்தது, இந்தத் தடவை 'செல்லப் பிராணி' என்ற பதவி உயர்வுடன்.

பட்டறையில் வெல்டரிடம் பலரும் சொன்னது ஒன்றுதான்: விட்டுவிடு, அலுவலகத்தோடு மல்லுக்கட்ட முடியாது. அவள் அதைக் கேட்டுவிட்டு, கோட்டின் தோள் சரியில்லை என்று சண்டைக்கு வருகிற வாடிக்கையாளரிடம் கடையில் யாரும் வாய் பேச மாட்டார்கள் என்றாள். கோட்டை மேஜையில் போடு, டேப்பை எடு, அளந்து காட்டு. அவ்வளவுதான். மேல்முறையீட்டுக்கு எழுதிப் போட்டார்கள்.

முதலில் விரல்களை அளந்தாள். நாற்பது நாள், தினமும் காலையில் எத்தனை மணிக்குக் கை மடங்கல் விட்டது, அன்று எதைப் பிடிக்க முடிந்தது, எது நழுவியது என்று அவள் சொல்ல, வெல்டர் ஒரு நோட்டில் எழுதினார். பத்தே கால். பதினொன்று. ஒரு நாள் முழுக்க விடவேயில்லை. நல்ல நாட்களையும் எழுதச் சொன்னாள். எதற்கு வம்பு, அதை விட்டுவிடலாமே என்றார் அவர். பொய் அளவு எடுக்க நாம் என்ன மதிப்பீட்டாளரா என்று கேட்டாள்.

அடுத்தது லிஃப்ட். அந்தக் கட்டிடத்துக் காவலாளியிடம் போய்க் கேட்டார்கள். அவர் ஆசையோடு பதிவேட்டை எடுத்துப் போட்டார். எட்டு மாதமாக லிஃப்ட் ஓடவில்லை. பதினோரு தடவை புகார் எழுதியிருக்கிறார், ஒருவரும் வாசிக்கவில்லை. கடைசியில் வாசிக்க இரண்டு பேர் கிடைத்த சந்தோஷத்தில் பக்கத்துக்குப் பக்கம் நகலெடுத்துக் கொடுத்தார்.

மிச்சம் நாய். இதற்கு அவள் நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். நாய் வளர்ப்பதற்கான உரிமம் கொடுக்கிற பிரிவில், மேஜைக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார்.

"நாய்க்கு உரிமமா?"

"இல்லைங்க. எங்ககிட்ட நாய் இல்லைன்னு ஒரு சான்றிதழ் வேணும்."

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். இத்தனை வருட வேலையில் நாயை வைத்துக்கொண்டு இல்லை என்று சாதிப்பவர்களைத்தான் பார்த்திருக்கிறேன், இல்லாத நாயை இல்லை என்று சொல்ல வரிசையில் நின்ற முதல் ஆள் நீங்கள்தான் என்றார். அவள் அறிக்கையைக் காட்டினாள். வாசித்தார். வாசித்து முடித்ததும் பக்கத்து மேஜைக்காரரையும் கூப்பிட்டு வாசிக்க வைத்தார். அப்படி ஒரு படிவம் கிடையாது. ஆனாலும் மேற்படி முகவரியில் எந்தக் காலத்திலும் எந்த நாயும் பதிவாகவில்லை என்று வெள்ளைத்தாளில் எழுதி, முத்திரை குத்தி, கட்டணம் எதுவும் வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தார்.

விசாரணை நாள் வந்தது. அதற்கு முன்னால் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமிருந்தும் யோசனை வந்து குவிந்தது. தலையைப் பின்னாதே. பொத்தானை மாற்றிப் போடு. சிரிக்காதே. அவளுடைய நாத்தனார் ஒருபடி மேலே போய், முந்தின நாளே முகம் கழுவாமல் இருந்தால் நல்லது என்றாள். காலையில் வெல்டரும் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார்.

"இன்னைக்கு ஒரு நாள் அப்படியே விட்டுடலாமா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "கோட்டு தைச்ச கடையில இருந்தவ நான். பிஞ்சு போன துணி மாதிரி அவங்க முன்னாடி போய் நிக்க மாட்டேன். பின்னுங்க."

பின்னினார். ஒரு அடி தள்ளி நின்று பார்த்தார். ஒரு தடவை அவிழ்த்து மறுபடி பின்னினார்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். நடுவில் தலைவராக ஒரு அம்மா, ஒரு பக்கம் டாக்டர், மறுபக்கம் குறிப்பெடுக்கிறவர். அலுவலகத்தின் சார்பில் ஃபைலோடு ஒரு அதிகாரி வந்திருந்தார். லிஃப்ட் பதிவேட்டைத் தலைவர் வாசித்தார். நோட்டை டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நகராட்சிக் காகிதத்தைப் பார்த்ததும் தலைவரின் உதட்டோரம் லேசாக அசைந்தது. நாயைப் பற்றி அதிகாரியிடம் கேட்டார். அது தட்டச்சுப் பிழையாக இருக்கலாம் என்றார் அதிகாரி. ஒரு எழுத்து மாறினால் தட்டச்சுப் பிழை, நான்கு கால் வாலோடு ஒரு பிராணியே வந்து சேர்வதற்கு என்ன பெயர் என்று காஜா அக்கா மனசுக்குள் கேட்டுக்கொண்டாள்.

அதிகாரி அசரவில்லை. நாயை விடுங்கள், சடையைப் பாருங்கள் என்றார். இன்றைக்கும் அதே நேர்த்தியோடுதான் வந்திருக்கிறார்.

"அது நான் பின்னினதுங்க" என்றார் வெல்டர்.

அதிகாரி அவருடைய கையைப் பார்த்தார். தீப்பொறி பட்டுப் புள்ளி புள்ளியாய்க் கறுத்த, மரக்கட்டை மாதிரி கை. இதற்கு ஆதாரம் எதுவும் ஃபைலில் இல்லையே என்றார்.

தலைவர் கொஞ்சம் தயங்கினார். உங்களுக்குச் சம்மதம் என்றால், அவர் பின்னுவதைப் பார்க்கலாமா என்று அவளிடம் கேட்டார்.

முகம் தெரியாத நாலு பேர் முன்னால் தலையை விரித்துப்போட்டு உட்காருவதா? இதற்கு முகம் கழுவாமலே வந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. வெல்டர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்தார்.

முடி தோளில் சரிந்தபோது அவள் மேஜையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சீப்பு வாரும் சத்தம் மட்டும் கேட்டது. மூன்று பங்காகப் பிரித்து, இழுத்துப் பிடித்து, கீழேவரை வந்து, ரப்பர் பேண்டைப் பல்லால் கடித்து எடுத்துப் போட்டார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. வழக்கம்போல ஒரு அடி தள்ளி நின்று ஒரு கண்ணைச் சுருக்கினார். அப்புறம்தான் எங்கே நிற்கிறோம் என்று ஞாபகம் வந்து உட்கார்ந்தார்.

அவள் நிமிர்ந்தாள்.

"சுத்தமா வந்தா வியாதி இல்லைன்னு எழுதுறீங்க. அழுக்கா வந்திருந்தா தன்னைக் கவனிச்சுக்க அக்கறை இல்லாதவன்னு எழுதியிருப்பீங்க. எப்படி வந்தா நம்புவீங்கன்னு சொல்லிடுங்க. அதுக்குத் தகுந்த மாதிரி இவர் பின்னி விடுவாரு."

அதிகாரி ஃபைலைப் பார்த்தார். டாக்டர் எழுந்து வந்து அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, கையைக் காட்டுங்கள் என்றார். ஒவ்வொரு முட்டியாக, வலிக்காமல், தொட்டுப் பார்த்தார். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். ஒரு வருடமாக அலுவலகம் முப்பத்திரண்டு பக்கக் காகிதத்தில் தேடிய கை, அவள் மடியிலேயேதான் இருந்தது.

டாக்டர் திரும்பினார். "அன்னைக்குக் கையைப் பரிசோதிச்சாங்களா?"

அதிகாரி பக்கங்களைப் புரட்டினார். "அந்தக் கட்டம் காலியா இருக்கு."

மூன்று வாரத்தில் தீர்ப்பு வந்தது. அறிக்கை பிழையானது, விண்ணப்பித்த நாளிலிருந்தே உதவித்தொகை உண்டு என்று இருந்தது. வருத்தம் தெரிவித்து ஒரு வரிகூட இல்லை. அதை அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

வந்த பணத்தில் சமையலறைக் குழாயையும் குளியலறைக் குழாயையும் மாற்றினார்கள். திருகுகிற குழாய் போய், முழங்கையால் தட்டினால் திறக்கிற குழாய் வந்தது. காலையில் இரண்டு மணி நேரம் துணைக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொள்ளலாம் என்று வெல்டர் சொன்னார். அவள் சரி என்றாள், சட்டைக்கும் சமையலுக்கும் மட்டும். அவர் பட்டறைக்கு நேரத்தோடு போக ஆரம்பித்தார்.

தீர்ப்போடு இன்னொரு தாளும் இணைத்திருந்தார்கள். இரண்டு வருடம் கழித்து, மனுதாரரின் நோய் குணமாகிவிட்டதா என்று அறிய மறுமதிப்பீடு நடைபெறும் என்று அதில் இருந்தது. இது ஆயுசுக்கும் கூட வருகிற நோய் என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் தடித்த எழுத்தில் போட்டிருப்பதை அலுவலகத்தாரே நகலெடுத்து வைத்திருந்தார்கள்.

இந்தத் தாளை எங்கே வைக்க என்று வெல்டர் கேட்டார்.

"பரண்மேல போடுங்க" என்றாள் அவள். "என் கை நல்லா இருக்குதான்னு பாக்கணும்னா, அவங்களே ஏறி எடுத்துக்கட்டும்."