மணக்கக் கூடாதவர்களின் மரம்

என்ன வேலை செய்கிறேன் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ரொறன்ரோ நகரின் நடுவில் ஒரு நூலகத்தின் கீழ்த்தளத்தில் இருந்துகொண்டு, பழைய கையெழுத்துப் புத்தகங்களுக்கு நூலகப் பட்டியலில் போடும் விவரணம் எழுதுகிறேன். "அப்ப நாள் முழுக்கக் கதைப்புத்தகம் வாசிக்கிறீர், அதுக்குச் சம்பளமும் தருகினம், என்ன?" என்று ஸ்காபரோவில் ஒரு கலியாண வீட்டில் ஓர் அன்ரி கேட்டார். சாப்பாட்டு மேசை என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். வாசிப்பது அந்த வேலையில் கடைசிப் பங்கு. முதலில் தாள்களை எண்ண வேண்டும், அளக்க வேண்டும், தையலைப் பார்க்க வேண்டும், தாளாக்கிய தோலின் மயிர்ப்பக்கம் எது சதைப்பக்கம் எது என்று தடவி அறிய வேண்டும். பிறகு கண்டதைக் கண்டபடி எழுத வேண்டும். கண்டதைக் கண்டபடி எழுதப் போய்த்தான் போன வருடம் எனக்கு இவ்வளவு வில்லங்கமும் வந்தது.

அந்தப் புத்தகத்துக்கு எழுநூறு வயது இருக்கும். கன்றுத்தோலில், இலத்தீனில், கையால் எழுதிய திருச்சபைச் சட்டத் தொகுப்பு. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் சட்டம். அதைச் சுற்றி நாலு பக்கமும், சோற்றைச் சுற்றிக் கறி வைத்ததுபோல, சின்ன எழுத்தில் உரை. அதற்கும் வெளியே மிஞ்சிய ஓரத்தில் படித்தவர்கள் எழுதிய குறிப்புகள். யார் சத்தியம் செய்யலாம், குருவானவர் எங்கே குடியிருக்க வேண்டும், செத்தவரை எந்த மண்ணில் புதைக்கலாம், யாரை யார் மணக்கலாம் என்று எல்லாவற்றுக்கும் அதில் ஒரு தீர்ப்பு உண்டு. சத்தியம் பற்றிய நீண்ட பகுதியின் ஓரத்தில் யாரோ ஒருவன் அலுப்பில் ஒரு முயல் வரைந்திருக்கிறான், அதற்கு ஒரு காது நீளம் கூட. திருநீறு பூசிக்கொண்டு வேலைக்குப் போகிற யாழ்ப்பாணத்துச் சைவப் பெண்ணுக்கு உதிலே என்ன இருக்கிறது என்று வீட்டிலேயே கேட்டார்கள். நான் இலத்தீன் படித்தது வெறும் பிடிவாதத்தால், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாலு மாதம் ஒரே புத்தகத்தோடு இருந்தால் அது வீட்டு ஆள் மாதிரி ஆகிவிடும்.

அதை நூலகத்துக்குக் கொடுத்தவரும் எங்கட ஆள்தான். ரொறன்ரோவை ஒட்டிய மார்க்கம் நகரில் வீடு வாங்கி விற்கும் தொழிலில் பெயர் எடுத்தவர். வெளிநாட்டு ஏலம் ஒன்றில் வாங்கி, இரண்டு மூன்று வருடம் வீட்டில் வைத்திருந்துவிட்டு, பிறகு நன்கொடையாகக் கொடுத்தார். அவருடைய பெயரை நூலகச் சுவரில் பதிக்க ஒரு விழா ஏற்பாடாகியிருந்தது. அதற்குள் நான் விவரணத்தை முடித்தாக வேண்டும்.

விழாவுக்கு மூன்று கிழமை இருக்கும்போதுதான் அதைக் கண்டேன். அந்தக் காலத்தில் தோலை மடித்துத் தைத்தவர்கள் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார்கள். புத்தகத்தை எங்கே திறந்தாலும் மயிர்ப்பக்கத்துக்கு எதிரே மயிர்ப்பக்கம்தான் வரும், சதைப்பக்கத்துக்கு எதிரே சதைப்பக்கம்தான் வரும். திருமணச் சட்டங்கள் இருந்த இடத்தில் அந்த ஒழுங்கு குலைந்திருந்தது. இடது பக்கம் மஞ்சளாய் மயிர்த்துளைகளோடு, வலது பக்கம் வெள்ளையாய் மழமழவென்று. நடுவே பார்த்தால் ஒரு விரல் அகலத்தில் தோல் துண்டு நின்றது. யாரோ ஒரு தாளை வெட்டி எடுத்திருக்கிறார்கள். பழைய வெட்டென்றால் விளிம்பு பழுப்பேறிப் போயிருக்கும். இது பளிச்சென்று இருந்தது. எதிர்ப் பக்கத்தில் சிவப்பும் பச்சையுமாக வட்டங்களின் மங்கல் தடம் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. இப்படியான சட்டப் புத்தகங்களில் திருமணப் பகுதியில் ஓர் உறவு மரம் வரைவார்கள். நடுவட்டத்தில் நீங்கள். மேலே பெற்றோர், கீழே பிள்ளைகள், இரு பக்கமும் சகோதரர், பெரியப்பா, மாமி, அவர்களின் மக்கள். நாலு தலைமுறைக்குள் வருகிற இவர்களில் ஒருவரையும் கட்டக் கூடாது என்பதுதான் அந்த மரத்தின் பொருள்.

ஏல வீட்டுக் கடதாசியை எடுத்துப் பார்த்தேன். அதில் எழுதியிருந்த தாள் கணக்கைவிட ஒன்று குறைந்தது. மூன்று தரம் எண்ணினேன். விற்கும்போது முழுசாக இருந்த புத்தகம் எங்களிடம் வரும்போது ஊனமாக வந்திருக்கிறது. எழுநூறு வருடம் போரும் நெருப்பும் எலியும் தின்னாமல் விட்டதை மார்க்கத்தில் வைத்து வெட்டியிருக்கிறார்கள்.

எங்கள் பகுதித் தலைவியிடம் போனேன். மென்மையாகப் பேசுகிற வெள்ளைக்காரப் பெண்மணி, குரலை உயர்த்தி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ஒரு தாள் இல்லை என்று மட்டும் எழுதினால் போதும், எப்போது போனது என்று எழுதத் தேவையில்லை என்றார். பிறகு, "அவர் உங்கள் சமூகத்தவர் அல்லவா, உங்களுக்கு இந்தச் சங்கடம் நன்றாகப் புரியும்" என்றார். புரியவில்லை! என் சமூகத்தவர் வெட்டினால் நான் கண்ணை மூட வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? மனதுக்குள் ஏசிக்கொண்டு என் மேசைக்குத் திரும்பினேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தத் தாள் திரும்பி வர வேண்டும், திரும்பி வந்ததென்றும் எழுத வேண்டும்.

இரண்டு நாள் கழித்து நன்கொடையாளரே போன் எடுத்தார். "பிள்ளை, எங்கட ஆள் ஒண்டுதான் என்ர புத்தகத்தைப் பாக்குதெண்டு கேள்விப்பட்டன். எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமே! ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டை வாரும். எங்கட முப்பதாவது கலியாண நாள்."

"வாறன் அண்ணை," என்றேன். தன்மையாகக் கேட்டு வாங்கலாம் என்றுதான் போனேன், சத்தியமாக.

வாசற்கதவைத் திறந்ததும் எதிர்ச் சுவரில் தங்கச் சட்டத்துக்குள் அது தொங்கியது. தேடவே தேவைப்படவில்லை. என் புத்தகத்தின் தாள். ஒவ்வொரு வட்டத்துக்கு மேலும் ஒரு படம் வெட்டி ஒட்டியிருந்தது. மீசை வைத்த ஐயா ஒருவர், பட்டமளிப்புத் தொப்பியோடு ஒரு பெடியன், கைக்குழந்தை, கூலிங்கிளாஸ் போட்ட மாமா.

"பாத்தீரே?" என்றார் அண்ணை, பெருமை தாங்காமல். "எங்கட ஃபமிலி ட்ரீ. மகளின்ர ரிசெப்ஷனுக்குச் செய்தது. வந்த சனமெல்லாம் உதுக்கு முன்னாலை நிண்டு படம் எடுத்தது. உவதான் என்ர மனிசி. சொந்த மச்சாள், மாமின்ர மகள்."

அவர் மனைவியான அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து சிரித்தார். நல்ல முகம்.

"ஆர் அண்ணை வெட்டினது?"

"நான்தான். பொல்லாத தோல் பிள்ளை, லேசிலை வெட்டுப்படேல்லை."

"ஒட்டினது?"

"அது நான்," என்றார் அக்கா. "நல்ல பசையாப் போட்டு ஒட்டினனான். ஒண்டும் கழராது."

ஒன்றும் கழராதாம்! அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. வந்திருந்த இருபது பேருக்கும் முன்னால் வாய் திறந்தேன். "அண்ணை, உது வம்ச மரமில்லை. ஆர் ஆரைக் கட்டக்கூடாதெண்டு சொல்லுற சட்டம். உந்த வட்டத்துக்கை நிக்கிற ஒருத்தரையும் கட்டக்கூடாது. அக்கான்ர படத்தை அச்சொட்டா மாமின்ர மகளின்ர வட்டத்திலையே ஒட்டி வைச்சிருக்கிறியள்."

"அப்ப எங்கட கலியாணம்?" என்று அக்காதான் கேட்டார்.

"உதின்ரபடி செல்லாது அக்கா. என்ர அப்பா அம்மாவின்ரயும் செல்லாது, அவையும் மச்சான் மச்சாள்தான்."

"அய்யோ, முப்பது வருசமாச் சமைச்சுப் போட்டிட்டன், இப்பவோ வந்து சொல்லுறீர்!" அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். சனமும் சிரித்தது. அண்ணை சிரிக்கவில்லை.

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? நான் வாங்கின புத்தகம். அவ்வளவு பக்கத்திலை ஒரு பக்கத்தை எடுத்திட்டு மிச்சம் முழுக்கச் சும்மா குடுத்தனான். அங்கை உந்தக் கண்டறியாத புத்தகத்தை ஆர் வாசிக்கப் போகினம்?"

"நான் வாசிக்கிறன்."

"உம்மைத் தவிர?"

பதில் இல்லாத கோபம்தான் கெட்ட கோபம். "வெட்டினதைத் தைக்கலாம் அண்ணை," என்று கத்தினேன். "உந்தப் பசை! ஒவ்வொரு படத்துக்குக் கீழையும் எழுத்து இருக்கு. எழுநூறு வருசம் ஒருத்தரும் செய்யாத அநியாயம். ஊத்தையாக்கி வைச்சிருக்கிறியள்!" சாப்பிடாமல் வெளியே வந்துவிட்டேன்.

அக்கா கார் வரைக்கும் பின்னால் வந்தார். சிரிப்புப் போய்விட்டது. "பிள்ளை, அவரை நான் பாத்துக்கொள்ளுறன். உதைக் கழட்டிக் கொண்டுவந்து தந்தா பழையபடி புத்தகத்திலை வைப்பியளோ?"

"வைப்பம் அக்கா," என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். அவ்வளவுதான் சொன்னேன். இன்னும் ஒரு வசனம் சொல்லியிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை பகுதித் தலைவி கூப்பிட்டார். அண்ணை போன் எடுத்திருக்கிறார். விருந்தினரை வைத்துக்கொண்டு அவமானப்படுத்திவிட்டேனாம். என்னுடைய ஒப்பந்தம் மாத முடிவில் புதுப்பிக்க இருக்கிறது என்பதைத் தலைவி மெல்லிய குரலில் நினைவூட்டினார். மிரட்டலை இவ்வளவு இனிமையாகச் சொல்ல எங்கேதான் படிக்கிறார்களோ!

வியாழக்கிழமை அக்கா வந்தார். கையில் ஒரு சேலைக்கடைப் பை. அவருக்கு நூலகம் புதிது, வாசலில் காவலாளியிடம் விளங்கப்படுத்திக் களைத்துப்போயிருந்தார். "அவர் வேலைக்குப் போன நேரம் எடுத்துக்கொண்டு வந்திட்டன்," என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. பைக்குள் துவாயில் சுற்றியிருந்ததை விரித்தேன்.

தோல், எண்ணெயில் போட்ட அப்பளம்போலச் சுருண்டு கிடந்தது. படங்கள் இல்லை. பசை இல்லை. சிவப்பும் பச்சையும் இல்லை. வட்டங்களின் கோடுகள் அங்கங்கே தெரிந்தன. உள்ளே இருந்த எழுத்துப் போய்விட்டது. ஓரத்தில் ஒரு மூலையில் மட்டும் நாலைந்து சொல் மிஞ்சியிருந்தது.

"நீர் ஊத்தையெண்டு சொன்னது எனக்குப் பெரிய வெக்கமாப் போச்சு பிள்ளை," என்றார் அக்கா. "இளஞ்சுடு தண்ணியிலை ஊறப்போட்டு, சவர்க்காரம் போட்டு, மெத்தப் பக்குவமாத் தேய்ச்சனான். ரண்டு நாள் எடுத்தது. ஒரு சொட்டுப் பசை இல்லை, பாரும்."

அவருடைய விரல் நுனிகள் சிவந்து தோல் உரிந்திருந்தன. யாரை ஏசுவது? அண்ணை வெட்டினார், அது தைத்துவிடக்கூடிய காயம். படங்களைப் பழைய தாள்களைப் பழுதுபார்க்கும் எங்கள் திருத்தகத்தில் ஒவ்வொன்றாக நீராவி காட்டிக் கழற்றியிருப்பார்கள், எழுத்தில் முக்கால்வாசியாவது தப்பியிருக்கும். தொடாதையுங்கோ அக்கா, அப்பிடியே கொண்டு வாங்கோ என்று நான் சொல்லவில்லை. வீறாப்பில் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

"நல்லா இருக்கு அக்கா," என்றேன்.

அன்று பின்னேரம் விவரணத்தில் எழுதினேன். உறவு மரத் தாள் மார்க்கத்தில், நன்கொடையாளர் வீட்டில் வெட்டப்பட்டது. அதன்மேல் படங்கள் ஒட்டப்பட்டன. திருப்பித் தரும் நல்ல நோக்கத்தோடு பின்னர் கழுவப்பட்டது. கழுவ வேண்டாம் என்று சொல்ல வாய்ப்பிருந்தும் இந்த விவரணத்தை எழுதியவர் சொல்லவில்லை. நாலு வசனம், கண்டதைக் கண்டபடி. பகுதித் தலைவி வாசித்துவிட்டு, கடைசி வசனம் எனக்கே கேடு, எடுத்துவிடலாம் என்றார். எடுத்தால் நாலையும் எடுங்கள், விட்டால் நாலையும் விடுங்கள் என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தேன்.

விழா சிறப்பாக நடந்ததாம், சுவரில் பெயரும் ஏறியது. மாத முடிவில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இப்போது வீட்டிலிருந்தே நூலகத்தின் இணையப் பட்டியலில் அந்தப் புத்தகத்தின் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன், யாரும் பார்க்கலாம். என்னுடைய நாலு வசனத்தின் இடத்தில் 'ஒரு தாள் தனியாக உள்ளது, ஈரத்தால் பழுதடைந்தது' என்று இருக்கிறது. ஈரமாம்! மழை வந்து கத்தியும் கையுமாய் நின்று வெட்டிக்கொண்டு போனதாக்கும். அதற்குக் கீழே, விவரணம் எழுதியவர் என்ற இடத்தில், என்னுடைய பெயரைப் போட்டிருக்கிறார்கள்.