மிசுஹோவுக்குப் பூசியதெல்லாம்

ஜப்பானின் சக்காய் நகரில், துறைமுகத்துக்குப் போகிற சாலையில், எங்கள் சலவைக் கடைக்கு நேர் எதிரே ஊரார் காசு கொடுத்துக் குளிக்கிற மியோஷி குளியல்கூடம் இருக்கிறது. அதன் கல்லாவில் உட்காருபவள் கினுவே. ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் உயரமாகப் போட்ட இருக்கை அது. மாலை மூன்று மணிக்குக் கதவைத் திறந்தால் கடைசி ஆள் போகும்வரை அவள் எழுந்திருக்க முடியாது. கொதிகலன் அவள் கணவர் தகெஜியின் பொறுப்பு. அவர் அதிகம் பேசமாட்டார். பேசினாலும் விறகைப் பற்றித்தான் இருக்கும்.

கல்யாணமாகி வெகுநாள் கழித்து அவர்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். மிசுஹோ என்று பேர் வைத்தார்கள். பிறந்த சில மாதங்களிலேயே குழந்தையின் கன்னம் சிவந்து சொரசொரத்தது. பால்குடிக் குழந்தைக்கு வருவதுதான், தானாகப் போய்விடும் என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். போகவில்லை. கழுத்துக்கு இறங்கி, முழங்கை மடிப்புக்கும் முழங்காலுக்குப் பின்னாலும் பரவியது. அவள் சொறிவாள், நீர் வடியும், காய்ந்து பொருக்குக் கட்டும். சிரித்தால் வாயோரம் வெடிக்கும்.

வேறு வீட்டில் பிறந்திருந்தால் அக்கம்பக்கத்தார் நாலு பேர் பார்த்திருப்பார்கள். குளியல்கூடத்தில் பிறந்ததால் ஊரே பார்த்தது. அதிலும் பெண்கள் பக்கம் என்பது மேனியையும் கூந்தலையும் தவிர வேறு பேச்சில்லாத இடம். ஆளுக்கொரு கைமருந்து வைத்திருந்தார்கள். ஒருத்தி அரிசித் தவிட்டைத் துணிப்பையில் கட்டி, வெந்நீரில் நனைத்துத் தேய்ப்பாள். ஒருத்தி இலையுதிர் காலத்தில் நுரைப்பீர்க்கங்கொடியை அடியில் வெட்டி, வெட்டுவாயைப் பாட்டிலுக்குள் விட்டு, சொட்டுச் சொட்டாக இறங்கும் நீரை வருஷம் முழுக்க முகத்துக்குப் போடுவாள். யூசு எலுமிச்சையின் விதைகளைச் சாகே என்கிற அரிசி மதுவில் ஊறப்போட்டு, கொழகொழவென்று வருவதைக் கைக்குத் தடவுகிறவர்கள் உண்டு. பீச் இலையைக் கொதிக்கவைத்துக் குழந்தைகளைக் குளிப்பாட்டுகிறவர்கள் உண்டு. வானம்பாடி மாதிரி ஒரு குருவியின் எச்சத்தைப் பொடித்து முகம் கழுவினால் வெண்ணெய் மாதிரி ஆகும் என்று சொன்ன ஒருத்தியும் இருந்தாள். தானே அதைப் போட்டாளா என்று கேட்டதற்கு, நாற்றம் தாங்கவில்லை என்று ஒப்புக்கொண்டாள்.

இவையெல்லாம் கல்லாவுக்கு வந்து சேர்ந்தன. குளிக்க வருகிறவர்கள் காசோடு ஒரு பாட்டிலையும் மேலே நீட்டுவார்கள். கினுவே இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தலைகுனிவாள். வாங்க மாட்டேன் என்று சொல்ல அவளால் முடியாது. தினமும் வருகிறவர்கள், அவர்கள் காசில்தான் வீடு நடக்கிறது. கொடுத்தவர்கள் மறுநாளே கேட்பார்கள், போட்டாயா, எப்படி இருக்கிறது என்று. போடாமல் போட்டேன் என்று சொல்லவும் அவளுக்கு வராது. அதனால் போட்டாள். கேட்பவர்களுக்கெல்லாம், "கொஞ்சம் பரவாயில்ல" என்றாள்.

மிசுஹோ கெட்டிக்காரப் பெண். ஏழு வயதிலேயே வாய் ஓயாது. தவிட்டில் காய்கறி ஊறுகாய் போடாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. ஒருநாள் கினுவே தவிட்டுப்பையோடு பக்கத்தில் போனபோது, நான் அங்கேதான் இருந்தேன், மிசுஹோ என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இசோகோ அத்தை, நேத்து நான் முள்ளங்கி. இன்னிக்குக் கத்திரிக்காய்." நான் சிரித்துவிட்டேன். கினுவே சிரிக்கவில்லை.

மருத்துவர் ஒரு களிம்பு கொடுத்திருந்தார். அதைத் தடவினால் அடங்கும், விட்டால் திரும்பும். அந்தச் சமயம் தொலைக்காட்சியில் யாரோ வந்து, அந்த மாதிரிக் களிம்பு தோலைக் காகிதமாக்கிவிடும் என்று பேசிவிட்டார்கள். அன்று மாலை குளிக்க வந்தவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் கினுவேயிடம் அதைச் சொன்னார்கள். அவள் பயந்துபோய் நிறுத்தினாள். அந்தக் குளிர்காலம் முழுக்க மிசுஹோ தூங்கவில்லை. திரும்ப மருத்துவரிடம் போனால் அவர் யாரைக் கேட்டு நிறுத்தினாய் என்று சத்தம் போட்டார். கினுவே அவருக்கும் தலைகுனிந்துவிட்டு வந்தாள்.

மிசுஹோவுக்கு எட்டு வயது இருக்கும்போது, எல்லோரும் சேர்ந்து இறங்குகிற பெரிய தொட்டியில் அவள் காலை வைத்ததும், புதிதாகக் குடிவந்த ஒரு பெண் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மெதுவாக வெளியேறினாள். முறைக்கக்கூட இல்லை. குழந்தையின் முதுகைத் துடைத்துவிட்டுப் போய்விட்டாள். கல்லாவிலிருந்து கினுவே அதைப் பார்த்தாள். மறுநாளிலிருந்து கொதிகலன் அறைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் மிசுஹோ குளித்தாள். ஊருக்கே வெந்நீர் காய்ச்சுகிற வீட்டுப் பெண்ணுக்கு வாளித் தண்ணீர். தகெஜி மட்டும் அந்தத் தொட்டியைச் சுற்றி ஒரு பலகை மறைப்பு அடித்தார். காற்று வரக்கூடாது என்றார்.

இனி த்சுஜினோ அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். எழுபதை நெருங்கியும் கழுத்தில் ஒரு கோடு கிடையாது. குளியல்கூடத்தில் எல்லோரும் அவர் என்ன தேய்க்கிறார் என்று ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். தனி ஆள், மிசுஹோ மேல் உயிரையே வைத்திருந்தார். ஒரு கோடைநாளில் தகெஜிக்கு இடுப்பு பிடித்துக்கொள்ள, கினுவே அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். த்சுஜினோ அக்காதான் குழந்தையைப் பார்த்துக்கொண்டார். பார்த்துக்கொண்டதோடு நிற்கவில்லை. பீர்க்கு நீரையும் யூசு விதை ஊறிய சாகேயையும் கலந்து, அதில் தவிட்டைக் குழைத்து, மிசுஹோவின் முகம் கழுத்தெல்லாம் பூசி, காயும்வரை விசிறிவிட்டிருக்கிறார். எரிகிறது என்று குழந்தை சொன்னதற்கு, எரிந்தால்தான் நல்லது என்றிருக்கிறார்.

கினுவே திரும்பியபோது மிசுஹோவின் கண்கள் திறக்கவில்லை. முகம் வீங்கி, புண்ணெல்லாம் வாய் திறந்திருந்தது. த்சுஜினோ அக்கா தரையில் நெற்றி படக் குனிந்துகொண்டு, நான் பாவி, நான் பாவி என்று அழுதார். சத்தம் கேட்டு நான் ஓடினேன். ஒரு கையில் மகளை அணைத்துக்கொண்டு, மறுகையால் அந்த அம்மாளின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள் கினுவே. "அழாதீங்கக்கா. நல்லது நெனச்சுதானே செஞ்சீங்க. எந்திரிங்க, எந்திரிங்க" என்றாள். யார் யாரைத் தேற்றுவது என்று எனக்குப் புரியவில்லை.

அதன்பிறகு த்சுஜினோ அக்கா குளிக்க வருவதை நிறுத்திவிட்டார். வெட்கம். சில வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு கினுவே தானே போய்க் கூப்பிட்டாள். அவர் வந்தார், வரும்போது கையில் ஒரு சின்னச் சீசா இருந்தது. கமீலியா எண்ணெய். "இது தலைக்குத்தாண்டி. மொகத்துகிட்டயே கொண்டுபோகாத" என்றார். கினுவே இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

மிசுஹோ வளர்ந்தாள். உயர்நிலைப்பள்ளி முடிக்கிற வயதில் சாயங்காலங்களில் அம்மாவுக்குப் பதிலாகக் கல்லாவில் உட்காரத் தொடங்கினாள். முகத்தை மறைக்க மாட்டாள். யாராவது பாட்டிலை நீட்டினால், "ரொம்ப நன்றி, எனக்கு வேண்டாம்" என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிடுவாள். அம்மாவுக்குக் கைவராதது மகளுக்குச் சுலபமாக வந்தது. ஆனாலும் வீட்டுக்குள் கினுவே நிறுத்தவில்லை. பீச் இலை, மாசிப்பத்திரி, மண், கடல்பாசி என்று ஏதாவது அடுப்பில் கொதித்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் மதியம், நான் துவைத்த திரைச்சீலைகளைக் கொண்டுபோயிருந்தபோது, அவள் கிண்ணத்தோடு மகளை நெருங்கினாள்.

"அம்மா, போதும்மா" என்றாள் மிசுஹோ.

"இது புதுசுடி. எரியாது. கைல போட்டுப் பாத்துட்டேன்."

"எரியலாம், எரியாம போலாம், அது இல்லம்மா. நீ என்னப் பாக்கும்போது மொதல்ல கன்னத்தத்தான் பாக்குற. அப்புறந்தான் என்னப் பாக்குற. பள்ளிக்கூடத்துல எல்லாரும் அப்படித்தான் பாக்குறாங்க, பாத்துட்டுப் போகட்டும். நீ பாக்காதம்மா."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. கினுவே கிண்ணத்தைக் கீழே வைத்தாள். எங்கே வைப்பது என்று தெரியாதவள்போல, எடுத்து இன்னொரு இடத்தில் வைத்தாள். மிசுஹோ எழுந்து அதை வாங்கிக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கல்லாவுக்குப் போய்விட்டாள்.

அடுத்த வசந்தத்தில் அவள் வடகோடி ஹொக்கைதோவில் ஒபிஹிரோ என்ற ஊரில் ஒரு பீன்ஸ் வியாபாரக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். அவ்வளவு தூரம் ஏன் என்று கினுவே கேட்கவில்லை. கோடையில் ஒரு புகைப்படம் வந்தது. வயல் ஓரத்தில், குட்டைக் கைச் சட்டையோடு மிசுஹோ. கை இரண்டும் வழவழவென்று இருந்தன. முகத்தில் ஒன்றும் இல்லை. கினுவே அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்து ஓடிவந்தாள். என் கடையில் நின்றபடி அழுதாள், சிரித்தாள். பிறகு கல்லாவில் வைத்து எல்லோருக்கும் காட்டினாள். த்சுஜினோ அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்துவிட்டு, "பீர்க்குத் தண்ணி மெதுவாத்தான் வேல செய்யும்னு நான் அப்பவே சொன்னேனே" என்றார். தவிட்டுக்காரி தவிடு என்றாள். பீச் இலைக்காரி பீச் இலை என்றாள். கினுவே எல்லோருக்கும் நன்றி சொன்னாள்.

புத்தாண்டுக்கு மிசுஹோ வந்தாள். வந்த அன்று அப்படியே படத்தில் இருந்த மாதிரி இருந்தாள். அம்மாவும் மகளும் சேர்ந்து மோச்சி அரிசி உருண்டைகளைச் சுட்டார்கள். மறுநாள் கழுத்து சிவந்தது. அதற்கு மறுநாள் அவள் சொறிய ஆரம்பித்தாள். சீக்கிரமே கிளம்பிப் போய்விட்டாள். போனதும் அடங்கிவிட்டது.

கோடையில் முன்னோருக்கான பண்டிகைக்கு வந்தாள். அதே கதை. ஒபிஹிரோ மருத்துவர் அவளிடம், வீட்டு நீராவியாக இருக்கலாம், தண்ணீரில் போடும் மருந்தாக இருக்கலாம், புகையோ தூசியோ ஊர்ப் புழுக்கமோ, எதுவும் இல்லாமலும் இருக்கலாம், சொல்ல முடியாது என்றிருக்கிறார். கினுவே அதை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டாள். கோரைப்பாய்த் தளத்தைப் பெயர்த்துப் பலகை போட்டாள். கூரைவரை துடைத்தாள். படுக்கைகளை எறிந்தாள். என்னிடம் வந்து, வாசனை இல்லாத சோப்பில் துணிகளைத் துவைத்துத் தரச் சொன்னாள். புத்தாண்டுக்கு ஒரு வாரம் குளியல்கூடத்தை மூடிவிடலாமா என்று தகெஜியைக் கேட்டாள். பண்டிகையில் மூடினால் ஆட்கள் வேறு இடம் பழகிவிடுவார்கள் என்று அவர் சொன்னார். சொல்லிவிட்டு, அன்று முழுக்கக் கொதிகலன் அறையை விட்டு வெளியே வரவில்லை. கடைசியில் மூன்று நாள் மூடினார்கள். மிசுஹோ வந்தாள். இரண்டாம் நாள் கழுத்து சிவந்தது.

அதற்கு அடுத்த டிசம்பரில் மிசுஹோ தொலைபேசியில் பேசியபோது நான் அந்த அறையில் இருந்தேன். எந்த வண்டிக்குச் சீட்டு எடுக்கட்டும் என்று அவள் கேட்டிருக்க வேண்டும். கினுவே சொன்னாள்: "இந்தத் தடவ வராதம்மா... இல்ல, இங்க ஒண்ணும் இல்ல. வண்டியெல்லாம் கூட்டமா இருக்கும்... ஆமா, நானே சொல்றேன். வராத." அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ. போனை வைத்துவிட்டு கினுவே என் பக்கம் திரும்பி, "அவ சரின்னுட்டா, இசோகோ" என்றாள். மகள் கொஞ்சம் மறுத்துப் பேசுவாள் என்று எதிர்பார்த்திருப்பாள் போலிருக்கிறது.

பிப்ரவரியில் கொதிகலனைப் பழுதுபார்க்க மூடியபோது, கினுவேயே ஒபிஹிரோவுக்குப் போனாள். பழைய உடுப்பு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை, எல்லாம் புதிது. ஊரில் இறங்கியதும் விடுதியொன்றில் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் மகள் வீட்டுக்குப் போனாளாம். மிசுஹோ சந்தோஷமாக இருந்தாள். ஆட்டிறைச்சி சுட்டுக் கொடுத்தாள். கூட வேலைபார்க்கும் ஒரு பையனைக் கூட்டிவந்து அறிமுகம் செய்தாள். கினுவே அவள் கண்களை மட்டுமே பார்த்துப் பேசினாள். அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குச் சொன்னாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது மிசுஹோவின் சட்டைக் கை மேலே ஏறியது. முழங்கை மடிப்பு சிவந்திருந்தது. அவள் சட்டென்று இழுத்துவிட்டுக்கொண்டாள். அது எப்போதும் குளிர்காலத்தில் இருப்பதா, தான் வந்ததால் வந்ததா என்று கினுவேக்குத் தெரியவில்லை. கேட்கவும் முடியவில்லை. காலையில் மிசுஹோ அலமாரியிலிருந்து ஏதோ வெள்ளைக் களிம்பை எடுத்துக் கண்ணாடிகூடப் பார்க்காமல் தேய்த்துக்கொண்டு வேலைக்கு ஓடிவிட்டாள். கொதிகலன் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டதாம் என்று ஒரு பொய்யை எழுதி மேசைமேல் வைத்துவிட்டு, கினுவே அன்றே கிளம்பினாள்.

"அது என்ன களிம்புன்னு பேராவது பாத்தியா?" என்று, அவள் ஊர் திரும்பி இதையெல்லாம் சொன்னபோது நான் கேட்டேன்.

"இல்ல."

"கையிலேயே இருந்திருக்குமே. எடுத்துப் பாத்தா என்ன?"

"பாத்து என்ன பண்ணப் போறேன்" என்றாள்.

மிசுஹோ அந்தப் பையனையே கல்யாணம் செய்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறாள். சில வருஷம் தோல் நன்றாக இருக்கிறது, சில வருஷம் இல்லை. கினுவே இன்னும் கல்லாவில்தான் உட்காருகிறாள். போன மாதம் ஓர் இளம் தாய், சொரசொரத்த கன்னத்தோடு ஒரு குழந்தையைத் தூக்கி வந்து, இதற்கு என்ன போடலாம் என்று அவளைக் கேட்டாள். உங்கள் பெண்ணுக்கும் இருந்ததாமே, எந்த மருந்துக்குக் கேட்டது என்றாள். எனக்குத் தெரியாதும்மா என்று சொல்லிவிட்டு, கினுவே குழந்தைக்கான கட்டணத்தை மட்டும் திருப்பிக் கொடுத்து, இருவரையும் உள்ளே அனுப்பினாள்.