யாழினி பேருக்கு முன்கூட்டியே வைத்த வெள்ளிக் காது

தாயை நம்பி வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஜூஜுவாடி மாரியம்மன் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவள்.

என் மகள் யாழினிக்கு மூன்று வயதில் காதுக்குள் கருவி வைக்கும் ஆபரேஷன் நடந்தது. அதற்கு முன் கோயில் பம்பை மேளச் சத்தத்துக்காவது திரும்புவாள். பிறகு அதுவும் இல்லை. நடந்தால் தலை சுற்றிச் சாய்ந்தாள். நத்தைக்கூடு மாதிரி இருக்கும் உள்காதுக்குள் விட்ட மெல்லிய கம்பியின் நுனி மடங்கிக் காயமாகிவிட்டது என்றார் டாக்டர். எடுத்துவிட்டு மறுபடி வைக்கலாம், கேட்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். எனக்கு உலகமே இருண்டுவிட்டது.

என் ஓரகத்தி மஞ்சுளாவின் மகன் தருணுக்கும் அதே கருவிதான். சொந்தத்திலேயே பெண் கட்டும் குடும்பம், இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே குறை. ஆனால் அவனுக்குக் கேட்டது. பக்கத்து வாசலில் அவள் கூப்பிடுவாள், அவன் திரும்புவான். திரும்பிய பிறகும் கூப்பிடுவாள். என் வயிறு எரியும்.

கோயிலில் நான் வேண்டவில்லை, சண்டைதான் போட்டேன். ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பா தாயே, அவளுக்குக் கொடுத்ததை எனக்கும் கொடு என்று அழுதேன்.

எங்கள் பக்கம் குணமான பிறகுதான் வெள்ளி உரு காணிக்கை வைப்பார்கள். ஆடி வெள்ளியன்று மஞ்சுளாவின் தட்டில் இரண்டு ஜோடி வெள்ளிக் காது இருந்தது. பவுசைப் பார் என்று பல்லைக் கடித்தேன். இன்னொரு ஜோடி யார் பேருக்கு என்று பூசாரி கேட்டார்.

"எங்கக்கா மக யாழினி பேருக்குங்க. முன்னாடியே வாங்கிக்கிட்டா, ஆத்தா செஞ்சுதானே ஆவணும்."

நான் நெகிழ்ந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். என் பிள்ளைக்கு வேண்டிக்கொள்ள இவள் யார் என்று கோபம்தான் வந்தது.

அடுத்த மாதம் மறு ஆபரேஷன். காயம் ஆறி, கருவியை இயக்கிய அன்று தொண்டை வற்றக் கூப்பிட்டேன். யாழினி பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவருகே நின்ற மஞ்சுளா பழக்கதோஷத்தில், "யாழினி" என்று கத்தினாள். குழந்தை திடுக்கிட்டுத் திரும்பி அவளைப் பார்த்தது. அந்தச் சந்தோஷத்திலும் எனக்கு வயிறு எரிந்தது. பிறகு நானும் மஞ்சுளாவும் கட்டிக்கொண்டு அழுதோம்.

இப்போது யாழினி "அம்மா" என்கிறாள். "சித்தி" என்றும் சொல்கிறாள், கொஞ்சம் அதிகமாகவே. இந்த ஆடிக்கு நான் தருண் பேருக்கும் ஒரு ஜோடி வைத்தேன். அவள் ஒருத்தியே நல்ல பெயர் வாங்குவதா?

மனசில் பொறாமையோடு போனாலும் தாய் துரத்தமாட்டாள். நம்பிக் கேளுங்கள். காணிக்கையை மட்டும் சீக்கிரம் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் ஓரகத்தி முந்திக்கொள்வாள்.