தோற்றவருக்கே முதல் தெரிவு

எழுபதுகளின் நடுவில் மெல்பேர்ணில் நான் கணிதம் படிப்பித்த பள்ளிக்கூடத்துக்கு ஓர் அமெரிக்கர் விளையாட்டு ஆசிரியராக வந்து சேர்ந்தார். எங்கள் இரண்டு பேருடைய ஆங்கிலத்தையும் மாணவர்கள் ஒரே அளவில் பகிடி பண்ணியதால் சிநேகிதம் கெதியில் பிடித்துக்கொண்டது.

பதினெட்டு வயதில் அவரைத் தொழில்முறை பேஸ்போல் கழகம் ஒன்று எடுத்திருந்தது. ஒரு காலத்தில் பணக்காரக் கழகங்கள் நல்ல பையன்களை வீடு தேடிப் போய் அள்ளிக்கொண்டு வந்துவிடுமாம். அதைத் தடுக்க அறுபத்தைந்தாம் ஆண்டில் ட்ராஃப்ட் என்ற முறை வந்தது. முந்தின வருஷம் கடைசியாக வந்த கழகம் முதலில் ஒருவனைத் தெரிவு செய்யும், பிறகு அடுத்தது, இப்படியே சுற்றுச் சுற்றாக. இவருடைய பெயர் எத்தனையோ சுற்றுக்குப் பிறகுதான் வந்தது.

"எந்தக் கழகம் விருப்பம் எண்டு உங்களைக் கேட்கேல்லையோ?" என்றேன்.

"இல்லை. போனில சொன்னாங்கள். அந்த ஊர் எங்க இருக்கெண்டு அம்மா வரைபடத்தில தேடினா."

"எங்கட கலியாணம் மாதிரித்தான்."

தேநீர் புரையேறும்வரை சிரித்தார். சின்ன ஊர்க் கழகங்களில் கொஞ்சக் காலம் விளையாடி, தோள் பழுதாகி, ஆசிரியரானவர் அவர். அதைக்கூடக் கவலையில்லாமல்தான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தமிழ்க் குடும்பங்கள் சில யாரா ஆற்றங்கரையில் கூடும். அவரையும் கூட்டிப் போனேன். அவர் பேஸ்போல் மட்டையும் பந்தும் கொண்டு வந்தார். எங்கள் கட்லட்டை விடமுடியாமல் வாராவாரம் வரத் தொடங்கினார். ஒரு பக்கத்துக்கு நான் தலைவன், மறுபக்கத்துக்கு ஒரு டொக்டர். டொக்டரிடம் பெரிய கார் இருந்தது. நன்றாக அடிக்கக்கூடிய இளைஞர்களை அதில் ஏற்றிவந்து தன் பக்கத்தில் இறக்கிவிடுவார். நான் தோற்றுக்கொண்டே இருந்தேன்.

"இதுக்குத்தான் ட்ராஃப்ட் வேணும்," என்றார் அமெரிக்கர். டொக்டரும் சரியென்றார். பெண்களும் விளையாட வந்தார்கள். எல்லோரும் வரிசையில் நின்றார்கள்.

போன வாரம் தோற்றவன் என்பதால் முதல் தெரிவு எனக்கு. என் மனைவி பள்ளிக்காலத்தில், பந்தை எறிந்து பிடிக்கும் நெற்போல் ஆடியவள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் அமெரிக்கரைக் கூப்பிட்டேன்.

டொக்டர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "தங்கச்சி, நீங்கள் இஞ்சால வாங்கோ," என்றார்.

ஆட்டத்தின் கடைசியில், எங்கள் பக்கத்துக்கு வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அமெரிக்கர் உயரமாக ஒரு பந்தை அடித்தார். என் மனைவி பின்னுக்கு ஓடிப்போய் இரண்டு கையாலும் பிடித்தாள். ஆட்டம் முடிந்தது. எல்லோரையும்விட அமெரிக்கர்தான் பலமாகக் கைதட்டினார்.

அடுத்த ஞாயிறும் முதல் தெரிவு எனக்கே. மனைவியைக் கூப்பிட்டேன்.

"இப்பதான் கண் தெரிஞ்சதோ?" என்று கேட்டபடி வந்து நின்றாள்.

அன்றைக்கும் தோற்றோம். தான் என்னைவிட நன்றாக ஆடியதாக வீடு போகும்வரை அவள் காரில் சொல்லிக்கொண்டே வந்தாள். உண்மைதான்.